மூழ்காத கப்பலுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

தூத்துக்குடியில் ஒரு ஆள் செத்துவிட்டான் என்பதை டாக்டர் சொல்வதற்கு முன்னால் ஃப்ளெக்ஸ் கடைக்காரன் சொல்லிவிடுவான். ஊரின் சுறுசுறுப்பு அப்படி. ஆக்னல் ரொட்ரிகோ விஷயத்திலும் அதுதான் நடந்தது. என்ன ஒன்று, ஆக்னல் சாகவில்லை.

ஆக்னல் 'காஸ்பர் லைட்' என்கிற சரக்குக் கப்பலின் இன்ஜின் ரூமில் வேலை பார்த்தான். எங்கேயோ தொலைவில் இரண்டு கூட்டணிகள் கடலில் அடித்துக்கொண்டிருந்தன. அவர்களுடைய போர்க்கப்பல்களுக்கு எண்ணெயும் அரிசியும் குண்டும் சுமக்க வாடகைக்குப் பிடித்த கப்பல்களில் அதுவும் ஒன்று. சண்டை யாருடையதோ, கப்பலுக்குள் வேர்த்து விறுவிறுத்து நின்றது நம் பிள்ளைகள்.

ஒரு நாள் காலையில் 'கடல்சேதம்' என்ற இணையதளத்தில் ஒரு படம் வந்தது. கடல் மேலே எண்ணெய்ப் படலம், நடுவில் கவிழ்ந்து கிடக்கிற ஒரு உயிர்காப்புப் படகு. "காஸ்பர் லைட் காலி" என்று கீழே யாரோ எழுதியிருந்தார்கள்.

'கடல்சேதம்' பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். உலகம் முழுக்க லட்சக்கணக்கான பேர் அங்கே கூடி, எந்தக் கப்பல் மூழ்கியது, எது தப்பியது, எந்தப் பக்கத்துக்கு எண்ணெய் தீர்ந்தது என்று சண்டை போடுவார்கள். யார் எந்த மொழியில் எழுதினாலும் படிக்கிறவர் மொழியில் தெரியும். குளத்தில்கூடக் கால் நனைக்காதவர்கள் எல்லாம் 'டார்பிடோ தம்பி', 'நீர்மூழ்கி நேசன்' என்று பெயர் வைத்துக்கொண்டு கடற்படைத் தளபதி மாதிரிப் பேசுவார்கள். பக்கத்தின் ஓரத்தில் இரு தரப்பு இழப்பும் கிரிக்கெட் ஸ்கோர் போல ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்தப் படம் வந்த மத்தியானமே தொம்மை மாமா ஃப்ளெக்ஸ் கடையில் நின்றார். ஆக்னலின் தாய்மாமன். தாய்மாமன் போர்டுக்கு முந்தி நண்பர்கள் போர்டு நின்றுவிட்டால் குடும்ப மானமே போச்சு என்பது அவர் கட்சி. ஆக்னல் கூலிங்கிளாஸ் போட்டுச் சிரிக்கிற படம், பக்கத்தில் மெழுகுவர்த்தி, மேலே 'கண்ணீர் அஞ்சலி', கீழே 'கடலன்னை மடியில் துயிலும் எங்கள் செல்லமே' என்று ஒரு வரி. அதற்குக் கீழே இவர் படமும் பெயரும், ஆக்னல் படத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக. சாயங்காலம் அது தெருமுனையில் நின்றது. போகிற வருகிற பிள்ளைகள் எல்லாம் படம் எடுத்து இணையத்தில் போட்டார்கள்.

ஆக்னலின் அக்கா டெல்பின் அன்றைக்கு முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அம்மா அப்பா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தது அவள்தான். மறுநாள் காலையில் அவள் போனில் ஒரு மெசேஜ் வந்தது.

"அக்கா, பக்கத்துல குண்டு விழுந்துச்சு. உயிர்காப்புப் படகு ஒண்ணு கழண்டு போச்சு, அவ்வளவுதான். நாங்க எல்லாரும் இருக்கோம். ஆனா டேங்க்ல ஓட்டை, அடைக்கிறதுக்குள்ள எண்ணெய் போயிருச்சு. இன்ஜின் ஓடினாத்தான் கடல்தண்ணி குடிதண்ணி ஆகும். இப்ப ஆளுக்கு ஒரு டம்ளர்தான். சீக்கிரம் எண்ணெய் அனுப்பச் சொல்லு."

டெல்பின் ஓடிப்போய் போர்டைக் கிழித்தாள். தொம்மை மாமா தலையைச் சொறிந்தார். "என்னட்டி இப்ப? வச்சது தப்பு, இறக்கிட்டாப் போச்சு" என்றார். அவ்வளவு சுலபமாகப் போகவில்லை.

கப்பல் கம்பெனியின் உள்ளூர் ஏஜெண்ட் ஆபீஸில் ஹரிஹரசுதன் என்று ஒரு மேனேஜர் இருந்தார். நல்ல மனுஷன், ஆனால் நல்ல செய்தி சொல்லி வெகுநாள் ஆன முகம். அவர்தான் விஷயத்தை உடைத்துச் சொன்னார்.

"துலான்னு ஒண்ணு இருக்கும்மா. நம்ம கப்பலை வாடகைக்குப் பிடிச்ச கூட்டணியோட சப்ளைக் கணக்கைப் பார்க்குற இயந்திர மூளை. எண்ணெய்க்கு எங்க பார்த்தாலும் தட்டுப்பாடு. கொண்டுபோற ஆளில்லாப் படகும் ஒண்ணு ரெண்டுதான் மிச்சம். எந்தக் கப்பலுக்கு அனுப்பணும்னு துலாதான் முடிவு பண்ணுது. மூழ்கின கப்பலுக்கு எண்ணெய் அனுப்புனா வீண்தானே?"

"மூழ்கலையே சார். அவனே மெசேஜ் போடுதான்."

"அந்த மாதிரி மெசேஜை இப்ப யார் வேணா உண்டாக்கலாம். குரலை உண்டாக்கலாம், வீடியோவை உண்டாக்கலாம். ஒரு கப்பல் காப்பாத்துங்கன்னு ரேடியோவுல கத்துச்சுன்னு படகு போச்சு. அங்க கப்பலே இல்ல, எதிரிதான் காத்துக்கிட்டு இருந்தான். அதுல இருந்து துலா ரேடியோவையும் நம்புறதில்ல, படத்தையும் நம்புறதில்ல."

"பின்ன யாரைத்தான் நம்புது?"

"கடல்சேதத்துல நடக்குற சண்டையை."

டெல்பின் அவர் முகத்தைப் பார்த்தாள். கேலி செய்கிற மாதிரித் தெரியவில்லை.

"நெசமாத்தாம்மா. படத்தைப் பொய்யாச் செஞ்சிரலாம். ஆயிரம் பேர் மல்லுக்கட்டுறப்ப யார் விடாப்பிடியா நிக்கிறாங்க, யார் இறங்கி வர்றாங்கங்கிறதைப் பொய்யாச் செய்யுறது கஷ்டமாம். சோதிச்சுப் பார்த்ததுல கடற்படையோட சொந்த உளவைவிட அது சரியாச் சொல்லுதாம்."

"நானுந்தான் அங்க விடாம எழுதுதேன், உயிரோட இருக்கான்னு."

"நீங்க அக்கா. அக்கா அப்படித்தான் சொல்லுவாங்கன்னு அதுக்குத் தெரியும். சொந்தக்காரங்க இருக்கான்னு சொன்னா மதிப்பே கிடையாது. சொந்தக்காரங்களே போயிட்டான்னு சொன்னா..." அவர் திரையை இவள் பக்கம் திருப்பினார். தொம்மை மாமாவின் போர்டு, மெழுகுவர்த்தியோடு. "தனக்கு நஷ்டமான ஒண்ணை ஒருத்தர் தானே ஒத்துக்கிட்டா, அதுக்குத்தான் மதிப்பு ஜாஸ்தி. உயிரோட இருக்குற பிள்ளைக்கு உலகத்துல எவனும் இப்படிப் போர்டு வைக்க மாட்டான்னு துலா நினைக்குது. பாவம், அதுக்குத் தூத்துக்குடியைத் தெரியாது."

"தெரியாம வச்சிட்டோம்னு எழுதுனேனே."

"அதுக்கும் பேரு வச்சிருக்கு. துக்கத்துல மறுப்பு."

டெல்பினுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "அப்ப என்னதான் சார் வழி?"

"எதிராளி இறங்கி வரணும். உங்க கப்பல் மூழ்கிருச்சுன்னு அடிச்சுச் சொல்ற ஆளு, நான் சொன்னது தப்புன்னு எழுதணும். அதைத்தான் துலா கண்ணை மூடிக்கிட்டு நம்பும்."

டெல்பின் ஒரு பேக்கரியில் கல்லாவில் இருந்தாள். முந்திரி ஏற்றி வரும் கப்பல்கள் நின்றதிலிருந்து மக்ரூன் போடுவதை விட்டாச்சு; பன்னும் ரஸ்கும்தான். ஆட்கள் வந்து மக்ரூன் இல்லையா என்று கேட்டு, இல்லை என்றதும் இவள்தான் கப்பலை நிறுத்தியது போல முறைத்துவிட்டுப் போனார்கள். நடுநடுவே அவள் போனில் சண்டை போட்டாள்.

டார்பிடோ தம்பி போன்றவர்கள் ஒரு பொருட்டில்லை. காலையில் ஒன்று எழுதுவான், மாலையில் மறந்துபோவான். அவளை மடக்கியது 'நங்கூரம்' என்ற பெயரில் எழுதிய ஒரு ஆள். சத்தமில்லை, கிண்டலில்லை. உயிர்காப்புப் படகின் எண் காஸ்பர் லைட்டுடையது என்று காட்டியது அந்த ஆள்தான். எண்ணெய்ப் படலம் இவ்வளவு அகலம் என்றால் டேங்க் உடைந்திருக்கிறது என்றது. முடிவில் அந்தப் போர்டு படத்தைப் போட்டு, "குடும்பமே ஏற்றுக்கொண்டுவிட்டது. அவர்களை நிம்மதியாக விடுவோம்" என்று மரியாதையாக எழுதியது. எரிகிற வீட்டில் பிடுங்கின கதைதான். அதற்கு ஆயிரக்கணக்கில் ஆமாம் போட்டார்கள்.

கப்பலில் டம்ளர் அரை டம்ளர் ஆனது. "நாக்கு ஒட்டுது அக்கா" என்று ஆக்னல் எழுதினான்.

அன்றைக்கு டெல்பின் நங்கூரத்தின் பழைய பதிவுகளைத் தோண்டினாள். அந்த ஆள் வேறு ஒரு கப்பலைப் பற்றித்தான் அடிக்கடி பேசியிருந்தது. 'ஆர்லா'. அது மிதக்கிறது, அதற்கு எண்ணெய் அனுப்ப வேண்டும் என்று. உனக்கு அப்படியா, இரு என்று பல்லைக் கடித்துக்கொண்டு டெல்பின் எங்கிருந்தோ ஒரு எண்ணெய்ப் படலப் படத்தை எடுத்து, "மூழ்கினது ஆர்லாதான். காஸ்பர் லைட் இல்லை" என்று போட்டாள். சாட்சியும் கிடையாது, மண்ணும் கிடையாது. ஆனால் கதை பற்றிக்கொண்டது. ஆர்லாவின் பெயருக்குப் பக்கத்தில் 'சந்தேகம்' என்று மஞ்சள் விழுந்தது. அவளுக்குக் கொஞ்சம் குளிர்ச்சியாகக்கூட இருந்தது.

அப்போது நங்கூரம் பதில் எழுதியது. "அப்படிச் சொல்லாதீங்க. புள்ளைங்க படிக்கும்."

எண்ணும் அகலமும் மட்டுமே பேசிய ஆள், இப்போது பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறது. டெல்பின் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். வாடிக்கையாளர் ஒருவர் சில்லறைக்காகக் கையை நீட்டிக்கொண்டே நின்றார். தனியாக ஒரு மெசேஜ் போட்டாள். "ஆர்லாவுல உங்களுக்கு யாரு?"

வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. "வீட்டுக்காரர்."

பேக்கரிக்குப் பின்னால் விறகு அடுக்கிய இடத்தில் நின்று டெல்பின் போன் செய்தாள். எந்தத் தேசத்து ஆளோ, நடுவில் எந்த மொழிபெயர்ப்போ என்று நினைத்திருந்தாள். காரைக்காலில் இருந்து ஜுலைகா என்று ஒருத்தி நேராகத் தமிழில் பேசினாள்.

"ரெண்டு கப்பலும் கிட்டத்துலதான் நிக்குது தங்கச்சி. அந்தப் பக்கம் போற படகு ஒண்ணே ஒண்ணு. உங்கது இல்லேன்னு ஆனா எங்களுக்கு முழுசா வரும். இவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது."

"அதுக்காக என் தம்பியைச் சாகடிச்சீங்களா?"

"போர்டைப் பார்த்தேன். ஆளு மௌத்தாயிட்டாரு, போனவருக்கு எண்ணெய் என்னத்துக்குன்னுதான் எழுத ஆரம்பிச்சேன். அல்லா சத்தியமா முதல்ல நம்பித்தான் எழுதுனேன்."

"அப்புறம்?"

"அப்புறம் நீங்க எழுதுறதைப் படிச்சேன். செத்தவரோட அக்கா இப்படிச் சண்டை போட மாட்டான்னு தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சும் எழுதுனீங்க."

"தெரிஞ்சும்தான்" என்றாள் ஜுலைகா.

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க டெல்பின் வாயெடுத்தாள். காலையில் தான் போட்ட படம் நினைவுக்கு வந்தது. அந்தப் பக்கம் ஒரு குழந்தை எதற்கோ அடம்பிடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, ஒண்ணு சொல்லுதேன் கேளுங்க. ஆர்லா மூழ்கலை, நான் சொன்னது பொய்யின்னு நான் எழுதுதேன். காஸ்பர் லைட் மூழ்கலைன்னு நீங்க எழுதுங்க. எதிராளி இறங்கி வந்தாத்தான் துலா நம்புமாம். ரெண்டும் இருக்குன்னா பாதிப் பாதி குடுத்துத்தான் ஆகணும்."

"பாதி போதுமா?"

"ஊருக்கு வரக் காணாது. குடிக்கத் தண்ணி ஆகும், சாகாமக் கிடப்பாவ. உங்க வீட்டுக்காரர்கிட்ட இருந்து மெசேஜ் வருதுல்லா?"

"வருது" என்றாள் ஜுலைகா. "யார் முதல்ல எழுதுறது?"

முதலில் எழுதுகிறவள் கழுத்தை நீட்டுகிறாள். அவள் எழுதி, மற்றவள் கம்மென்று இருந்துவிட்டால், மற்றவளுக்கு முழுப் படகு.

"நானே எழுதுதேன்" என்றாள் டெல்பின். போனை வைத்ததும் எழுதி அனுப்பினாள். கோபத்தில் ஆர்லாவைப் பற்றிப் பொய் சொன்னேன், படம் வேறு கடலுடையது, ஆர்லா மிதக்கிறது. ஆர்லாவின் மஞ்சள் உடனே பச்சையானது. டார்பிடோ தம்பி, "அம்மணி கட்சி மாறிட்டாங்களா?" என்று சிரித்தான். நங்கூரத்திடமிருந்து ஒன்றும் வரவில்லை. டெல்பின் ஒரு தட்டு ரஸ்க்கைக் கருகவிட்டாள், முதலாளியிடம் திட்டு வாங்கினாள், போனைப் பார்த்தாள், ஒன்றும் வரவில்லை. ஏமாந்துட்டியே பாவி என்று தன்னையே வைதுகொண்டாள்.

கடையில் சாயங்காலக் கூட்டம் வரும் நேரத்தில் நங்கூரம் எழுதியது. "காஸ்பர் லைட் பற்றி நான் சொன்னது தவறு. அந்தக் கப்பல் இருக்கிறது. தெரிந்தும் இதுவரை மறைத்தேன்."

பக்கத்தின் ஓரத்தில் ஓடிய இழப்புக் கணக்கில் ஒன்று குறைந்தது. அதைப் பார்த்து உலகம் முழுக்க ஆயிரம் பேர் கொதித்தார்கள். அவர்களுக்கு ஒரு கப்பல் நஷ்டம்.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. ஆளில்லாப் படகு காஸ்பர் லைட்டைக் கண்டுபிடித்துப் பாதி எண்ணெயை இறக்கியது. "அக்கா, இன்ஜின் ஓடுது. வயித்தை நிறைச்சுத் தண்ணி குடிச்சேன்" என்று ஆக்னல் எழுதினான். டெல்பின் கல்லாவிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். தொம்மை மாமா 'மீண்டு வந்த சிங்கமே' என்று போர்டு அடிக்கக் கிளம்பினார். அவள் அவருடைய செருப்பை எடுத்து ஒளித்துவைத்தாள். "ஊருக்கு வந்து சேரட்டும் மாமா, அதுவரைக்கும் சும்மா கிடங்க."

ஹரிஹரசுதன் போன் செய்தார். குரலே சரியில்லை.

"படகு ஆர்லா நின்ன இடத்துக்குப் போயிருச்சும்மா. அங்க கப்பல் இல்ல."

"மூழ்கிருச்சா?"

"தெரியல. இழுத்துக்கிட்டுப் போயிருக்கலாம், அந்தக் கடல்ல நீரோட்டம் ஜாஸ்தி. மூழ்கியும் இருக்கலாம். தேடணும்னா படகு தன்கிட்ட இருக்குற எண்ணெயைத்தான் எரிச்சுத் தேடணும். இல்லேன்னா அந்த மீதிப் பாதியும் உங்க தம்பி கப்பலுக்கு வரும். அது வந்தா துறைமுகம் வரைக்கும் வந்துருவாங்க. துலா உங்களைக் கேட்கப் போகுது."

"என்னை என்னத்துக்கு?"

"ஆர்லா இருக்குன்னு சொன்னவங்கள்ல அது நம்புற ஆளு நீங்க ஒருத்தர்தான். அந்தம்மா பொண்டாட்டி. அவங்க பேச்சுக்கு மதிப்பில்ல."

டெல்பின் காரைக்காலுக்குப் போன் போட்டாள். ஜுலைகாவுக்குச் செய்தி ஏற்கெனவே போயிருந்தது. டெல்பின் கேட்பதற்கு முன்பே அவள் சொன்னாள். "அவுக மெசேஜ் வெள்ளிக்கிழமையோட நின்னுபோச்சு தங்கச்சி. நீங்க என்கிட்ட பேசுறதுக்கு முன்னாடியே."

"வருதுன்னு சொன்னீங்களே அக்கா."

"வரலைன்னு சொல்லியிருந்தா நீங்க எழுதியிருப்பீங்களா?"

எழுதியிருக்க மாட்டாள். டெல்பினுக்கு அது நன்றாகத் தெரிந்தது. ஆத்திரம் மண்டைக்கு ஏறியது. ஏமாற்றி வாங்கிய வார்த்தையை வைத்து, தன் தம்பி குடிக்க வேண்டிய தண்ணீரைக் கடலில் அலையவிட்டிருக்கிறாள். இதைச் சொல்லியே டெல்பின் சண்டை போட்டிருப்பாள். ஆனால் ஜுலைகா ஒன்றும் கேட்கவில்லை. தேடச் சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை கெஞ்சவில்லை. "நீங்க என்ன சொன்னாலும் நான் குத்தம் சொல்ல மாட்டேன், உங்க தம்பியைப் பாருங்க" என்று போனை வைத்துவிட்டாள்.

அன்றைக்கு ஆக்னலின் மெசேஜ் வந்ததும் டெல்பின் உள்ளதை உள்ளபடி எழுதிக் கேட்டாள். "கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்று ஒரு வரி மட்டும் வந்தது. மறுநாள் பதில் வந்தது.

"எல்லாரையும் உக்கார வச்சுக் கேட்டாச்சு. நாலு பேரு வேண்டாம்ங்கிறானுக. அவனுகளை வையாதே அக்கா, புள்ளகுட்டிக்காரனுக, பயம். மத்தவங்க எல்லாம் தேடச் சொல்லுதோம். வள்ளம் காணலைன்னா நம்ம கரையில எவனாச்சும் மீனுக்குப் போவானா? தேடிட்டுத்தான மறுவேலை. நாங்க மிதக்குதோம், பாத்துக்கிடலாம்."

அவனைக் கரையில் இழுத்துப் போட்டுவிட வேண்டும் என்றுதான் அவள் மனசு அடித்துக்கொண்டது. ஊரில் கண்ணெதிரே அவன் உட்கார்ந்து சோறு தின்ன வேண்டும், வேறு எதுவும் வேண்டாம். கூட இருக்கிற நாலு பேரையும் நினைத்துக்கொண்டாள். அந்த நாலு பேருக்கும் அக்கா தங்கச்சி இருப்பார்கள்.

துலாவின் கேள்வி திரையில் நின்றது. ஆர்லா இருக்கிறது என்ற உங்கள் சொல்லில் நிற்கிறீர்களா? நிற்கிறேன். தேடலைத் தொடரலாமா? தொடரலாம். பிறகு வழக்கமான கடைசிக் கேள்வி: ஆர்லாவில் இருப்பவர்களில் உங்களுக்கு வேண்டியவர்கள் யாராவது உண்டா?

ஜுலைகாவின் வீட்டுக்காரரை நினைத்து அவள் விரல் 'உண்டு' பக்கம்தான் போனது. உண்டு என்று போட்டால் அந்த நிமிஷமே அவள் சொல்லுக்கு மதிப்பு போய்விடும், படகு திரும்பிவிடும். 'இல்லை' என்று போட்டாள். இயந்திரம் நம்பியது.

காரைக்காலுக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தாள் ஜுலைகா.

"தேடுதாவ அக்கா" என்றாள் டெல்பின். "எண்ணெய் இருக்குற வரைக்கும் தேடுவாவ. நீங்க ஏதாச்சும் சாப்ட்டீங்களா?"